இருட்டு வீட்டில் படம் பிடிக்க எந்த லென்ஸ்?

வளைகாப்பு முடிந்து விட்டது. பந்தியும் முடிந்து விட்டது. அரியலூர் வீட்டில் எல்லோரும் காமிராவைச் சுற்றிக் கூடினார்கள்.

"எங்கே, காட்டு பார்ப்போம்!"

தம்பி ஒவ்வொரு படமாகத் தள்ளினான். முதல் படத்தில் அக்காள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அசையாமல் இருந்ததால் படம் தப்பித்தது. அடுத்த படத்தில் அத்தை வளையல் போடுகிறாள். ஆனால் அத்தையின் கையைக் காணோம்! கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகை. வளையல்கள் எல்லாம் சேர்ந்து ஒரே பச்சைக் கோடு.

அதற்கு அடுத்தது, அப்பாயி சந்தனம் பூசும் படம். அப்பாயிக்கு எண்பது வயது. பேத்தியைப் பார்க்கப் பெரம்பலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள். படத்தில் அவள் முகம் தண்ணீரில் கரைந்தது போல இருந்தது.

"ஏன்டா தம்பி, எனக்கு எப்போ ரெண்டு மூக்கு முளைச்சிச்சு?" என்றாள் அப்பாயி.

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. அவன் சிமெண்டு ஆலையில் வேலை செய்கிறான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய காமிரா அது. அக்காளுக்கு இன்னொரு முறை தலைப் பிரசவ வளைகாப்பு நடக்கப் போவதில்லை.

பெயர் எதற்கு? இது ஒரு வீட்டுக் கதை அல்ல. டி.எஸ்.எல்.ஆர். காமிரா முதன்முதலாக வந்து சேரும் பல வீடுகளில் நடப்பதுதான். பகலில், வயலில் எடுத்தால் படம் பளிச்சென்று இருக்கும். மாலையில், டியூப் லைட்டு வெளிச்சத்தில் எடுத்தால் எல்லாம் ஆட்டம் கண்டு விடும். உடனே யாராவது ஒரு நண்பர் சொல்வார்: "50 எப் 1.8 வாங்கு. எல்லாம் சரியாகிவிடும்!"

எல்லாம் சரியாகுமா? பத்தாயிரம் ரூபாய் சமாசாரம். கொஞ்சம் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

கோளாறு எங்கே?

காமிராவில் கோளாறு இல்லை. அதனோடு வந்த லென்சின் கண் சிறியது. அவ்வளவுதான்.

கேனன் ஆகட்டும், நிகான் ஆகட்டும், விலை குறைந்த டி.எஸ்.எல்.ஆர். காமிராவுடன் பெரும்பாலும் ஒரு லென்ஸ் தருகிறார்கள். அதன் மேல் 18-55 என்று போட்டிருக்கும். பக்கத்தில் 3.5-5.6 என்றும் இருக்கும். முதல் எண்கள், எவ்வளவு அகலமாகவோ நெருக்கமாகவோ பார்க்கலாம் என்பதைச் சொல்கின்றன. 18 என்றால் அகலம். 55 என்றால் நெருக்கம். வளையத்தைத் திருகினால் இரண்டுக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். இதுதான் ஜூம்.

இரண்டாவது எண்தான் எப் எண். லென்சின் கண் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்று அது சொல்கிறது. இங்கே ஒரு வேடிக்கை. எண் சிறியதானால் கண் பெரியது! இது வகுத்தல் கணக்கு. 50-ஐ 5.6-ஆல் வகுத்தால் 9 வருகிறது. அதாவது 9 மில்லி மீட்டர். ஒரு கொண்டைக்கடலை அளவு. அதே 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் 28 வருகிறது. அது ஏறக்குறைய பத்து ரூபாய் நாணயத்தின் அளவு.

கொண்டைக்கடலை அளவு ஓட்டையில் வரும் வெளிச்சம் எங்கே, பத்து ரூபாய் நாணயம் அளவு ஓட்டையில் வரும் வெளிச்சம் எங்கே! இரண்டாவதில் ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் பாய்கிறது.

வெளிச்சம் குறைந்தால் காமிரா என்ன செய்யும்? ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்துக் காத்திருக்கும். டியூப் லைட்டு அறையில் ஒரு வினாடியில் 15-ல் ஒரு பங்கு நேரம் காத்திருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். நமக்கு அது கண் சிமிட்டும் நேரம். வளையல் போடும் கைக்கு அது நீண்ட நேரம். அதற்குள் கை இரண்டு அங்குலம் போய்விடும். எப் 1.8 லென்சாக இருந்தால் 150-ல் ஒரு பங்கு நேரம் போதும். கை அப்படியே நின்று விடும். ஷட்டரை வேகமாக மூட விடுவதால்தான் இதற்கு "வேக லென்ஸ்" என்று பெயர்.

"என் லென்சில்தான் ஆட்டத்தைத் தடுக்கும் கருவி இருக்கிறதே!" என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அது படம் பிடிப்பவரின் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். அத்தையின் கையைப் பிடித்து நிறுத்தாது.

பிளாஷ் போட்டால் ஆகாதா? ஆகும். முகம் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுக்கும். பின்னால் சுவரில் கறுப்பு நிழல் விழும். குத்துவிளக்கு எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. ஐ.எஸ்.ஓ. என்ற எண்ணை ஏற்றிப் பார்க்கலாம். ஓரளவுக்கு நல்லதுதான். அளவு மீறினால் படம் ரவை கொட்டியது போலப் பொடிப் பொடியாகும்.

பீரங்கிப் படையும் ஒரு லென்சும்

இது இன்று நேற்று வந்த தலைவலி அல்ல. படம் பிடிக்கும் கலை 1839-ல் பாரிஸ் நகரில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அப்போது ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். கட்டிடங்கள் இருந்தன. மனிதர்களால் முடியுமா?

வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்று ஒரு கணிதப் பேராசிரியர் இருந்தார். வெளிச்சத்தை அள்ளிக் குடிக்கும் ஒரு லென்சைக் காகிதத்திலேயே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முனைந்தார். கணக்கு மலை போல் இருந்தது. அந்நாட்டுப் பீரங்கிப் படையில் கணக்குத் தெரிந்த வீரர்கள் சிலரை உதவிக்குக் கொடுத்தார்கள். குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போட்டவர்கள் வெளிச்சம் எங்கே விழும் என்று கணக்குப் போட்டார்கள்! 1840-ல் லென்ஸ் பிறந்தது. மனித முகத்தைப் படம் பிடிக்கும் தொழில் அதனால் வளர்ந்தது. லென்சைச் செய்து விற்ற வோக்ட்லாண்டருக்கும் பேராசிரியருக்கும் பின்னால் பெரிய சண்டை மூண்டது தனிக் கதை.

இன்னொரு அதிசயமும் உண்டு. ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனி அமெரிக்காவின் நாசாவுக்காக எப் 0.7 லென்ஸ் செய்தது. மொத்தமே பத்துதான் செய்தார்கள். அதில் மூன்றை ஸ்டான்லி குப்ரிக் என்ற சினிமா டைரக்டர் வாங்கினார். 1975-ல் வெளிவந்த "பாரி லிண்டன்" படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தை மட்டும் வைத்துக் காட்சிகளை எடுத்தார். அந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. ஆனால் நடிகர்கள் பாடு திண்டாட்டம். கொஞ்சம் முன்னே பின்னே சாய்ந்தாலும் முகம் மங்கிவிடும்!

இந்த மங்கல் விஷயம் நமக்கும் பொருந்தும். கண் அகலமாகத் திறந்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்து விடும். 50 லென்சை எப் 1.8-ல் வைத்து ஐந்தடி தூரத்தில் ஒருவரைப் பிடித்தால், தெளிவு இருப்பது சுமார் ஆறு சென்டி மீட்டர் ஆழத்துக்குத்தான். கண் தெளிவாக இருந்தால் காது மங்கும். அப்பாயி ஒருத்தியை எடுக்கும்போது இது அழகு. பின்னால் கொடியில் தொங்கும் துணி எல்லாம் கரைந்து போகும். ஐந்து பேரை வரிசையாக நிறுத்தி எடுத்தால் இது ஆபத்து. அப்போது 4 என்ற எண்ணுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

50-ஆ? 35-ஆ?

இதுதான் முக்கியமான கேள்வி. பலர் பணத்தை விடும் இடமும் இதுதான்.

விலை குறைந்த வேக லென்சுகளில் ஜூம் கிடையாது. பார்வை ஒரே அளவுதான். இதைப் பிரைம் லென்ஸ் என்கிறார்கள். 50 என்றால் என்றும் 50. பெரிதாக வேண்டுமா? கிட்டே போக வேண்டும். நிறையப் பேர் வேண்டுமா? பின்னால் நகர வேண்டும்.

பின்னால் நகர இடம் இருக்கிறதா? சுவர் இருக்கிறதே!

"முதலில் 50 வாங்கு" என்பது பிலிம் காலத்து யோசனை. 1925-ல் விற்பனைக்கு வந்த லைக்கா காமிராவிலேயே 50 லென்ஸ்தான் இருந்தது. அந்தப் பிலிமில் படத்தின் அகலம் 36 மில்லி மீட்டர். இன்றைய விலை குறைந்த டி.எஸ்.எல்.ஆர். காமிராவில் பிலிம் இருந்த இடத்தில் சென்சார் இருக்கிறது. அதன் அகலம் கேனனில் 22.3, நிகானில் 23.5 மில்லி மீட்டர். ஓரங்கள் வெட்டுப்பட்டுப் போகின்றன. அதனால் அந்தக் காலத்து 50 இந்தக் காமிராவில் 75, 80 போல நெருக்கமாகப் பார்க்கிறது. யோசனை அப்படியே இருக்கிறது. காமிரா மாறிவிட்டது!

கணக்கைப் பாருங்கள். ஐந்து பேர் தோளோடு தோள் நின்றால் சுமார் எட்டடி அகலம். அவர்களை 50 லென்சில் அடக்க 17, 18 அடி பின்னால் போக வேண்டும். 35 லென்சில் 12 அடி போதும். 24 லென்சில் 9 அடி.

கலியாண மண்டபத்தில் 18 அடி கிடைக்கும். வீட்டுக் கூடத்தில் கிடைக்குமா? பத்துக்குப் பன்னிரண்டு அறையில் முதுகு பீரோவில் முட்டும். அதற்கப்புறம் ஐந்து பேரில் இரண்டு பேருக்குப் படத்தில் இடம் இல்லை.

அப்படியானால் 50 ஆகாத லென்சா? அப்படிச் சொல்லக் கூடாது. ஒரு முகத்தை எடுக்க அதைப் போல மலிவான நல்ல லென்ஸ் வேறு இல்லை. திண்ணையில் உட்கார்ந்து வெங்காயம் ஆயும் அம்மாவையோ, மணவறையில் தலை குனிந்திருக்கும் பெண்ணையோ எடுக்க அது கச்சிதம். ஒருவரா, குடும்பமா என்பதுதான் கேள்வி.

கேனன் வீடும் நிகான் வீடும்

நிகான் வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். 35 எப் 1.8 என்று ஒரு லென்ஸ் இந்தச் சிறிய சென்சாருக்காகவே 2009-ல் வந்தது. ஏ.எப்.-எஸ். டி.எக்ஸ். என்று அதன் மேல் எழுதியிருக்கும். எடை 200 கிராம்தான்.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நிகானில் பழைய 50 எப் 1.8 டி லென்ஸ் ஒன்று உண்டு. நல்ல லென்ஸ். விலை குறைவு. ஆனால் அதற்குள் மோட்டார் இல்லை. டி3500, டி5600 போன்ற காமிராக்களுக்குள்ளும் அதை ஓட்டும் மோட்டார் இல்லை. இரண்டு குருடர்கள் வழி கேட்ட கதைதான்! ஒவ்வொரு படத்துக்கும் கையால் திருகித்தான் போகஸ் செய்ய வேண்டும். ஓடும் குழந்தையை அப்படி எடுக்க முடியாது. எனவே "ஏ.எப்.-எஸ்." என்ற எழுத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

கேனன் வீட்டில் நிலைமை வேறு. 2015-ல் வந்த 50 எப் 1.8 எஸ்.டி.எம். லென்ஸ் 160 கிராம் கூட இல்லை. விலையும் பத்தாயிரம் ரூபாய் அளவில்தான். அதன் காரணமாகவே எல்லோரும் அதை வாங்குகிறார்கள். ஆனால் நிகான்காரர்களுக்குக் கிடைத்தது போன்ற மலிவான 35 எப் 1.8 லென்சைக் கேனன் தன் சின்ன டி.எஸ்.எல்.ஆர். காமிராக்களுக்குச் செய்யவில்லை. இது ஒரு குறைதான். 24 எப் 2.8 ஒன்று இருக்கிறது. 2014-ல் வந்தது. தோசைக்கல் போல் தட்டையானது. அறைக்குப் பொருத்தமானது. ஆனால் காமிராவோடு வந்த லென்சை விட இரண்டு மடங்கு வெளிச்சம்தான் கூடுதல். ஒன்பது மடங்கு அல்ல. சீனாவின் யோங்னுவோ கம்பெனி 35 எப் 2 செய்கிறது. அதை வாங்குகிறவர்கள் தங்கள் காமிராவில் மாட்டி, நாலு படம் எடுத்து, கண்ணில் தெளிவு விழுகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்த பிறகு வாங்குவது நல்லது.

1.8-க்குப் பதில் 1.4 வாங்கலாமா? வெளிச்சம் ஒன்றரை மடங்கு சொச்சம் கூடும். விலை இரண்டு, மூன்று மடங்கு கூடும். சம்பளக்காரர் வீட்டுக்கு இது வேண்டாத செலவு.

எங்கே உதவாது?

வேக லென்ஸ் வந்துவிட்டால் பழைய லென்சைப் பரணில் போட்டு விடலாம் என்று நினைக்கக் கூடாது. இந்த இரண்டு மாவட்டங்களிலேயே அதற்குப் பதில் இருக்கிறது.

அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போனால் ராஜேந்திர சோழன் கட்டிய விமானம் 50 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. 50 லென்சில் அதை முழுதாக அடக்க 110 மீட்டருக்கு மேல் பின்வாங்க வேண்டும். பழைய லென்சை 18-ல் வைத்தால் 40 மீட்டர் போதும். அங்கே வெயிலுக்கா பஞ்சம்? எப் 1.8 எதற்கு?

பெரம்பலூர் மாவட்டத்தின் சாத்தனூர் கல்மரமும் அப்படித்தான். 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்ன மரம் அது. கல்லாகிப் படுத்திருக்கிறது. நீளம் 18 மீட்டர். நுனி முதல் அடி வரை தெளிவாக விழ வேண்டும் என்றால் லென்சின் கண்ணைச் சுருக்கத்தான் வேண்டும்.

கரைவெட்டிப் பறவைகளுக்கோ இரண்டுமே போதாது. 2024-ல் உலகப் புகழ் பெற்ற ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி அது. இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்து 50 லென்சில் ஒரு புள்ளி. அதற்கு 300-க்கு மேல் நீளும் வேறு லென்ஸ் வேண்டும்.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் போன்ற கோயில்களில் விளக்கு வெளிச்சம் வேக லென்சுக்கு ஏற்றது என்று ஆசை தோன்றும். லென்ஸ் சம்மதித்தாலும் கோயில் சம்மதிக்க வேண்டும். கேட்டுவிட்டு எடுக்க வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்குகிறீர்களா?

காமிராக் கம்பெனிகள் இப்போது கண்ணாடி இல்லாத புதுவகைக் காமிராவுக்குத் தாவிவிட்டன. நிகான் டி3500 தயாரிப்பும் நின்றுவிட்டது. அதனால் பழைய டி.எஸ்.எல்.ஆர். லென்சுகள் கைமாறி வருகின்றன. பாதி விலைக்குக் கிடைத்தால் லாபம்தான். ஆனால் ஒரு டார்ச் விளக்கு கொண்டு போக வேண்டும். லென்சின் ஒரு பக்கத்தில் விளக்கை அடித்து மறு பக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல, வேர் போலத் தெரிந்தால் அது பூஞ்சைக் காளான். நாலு மாதம் அலமாரிக்குள் மழைக் காலத்தில் மூடிக் கிடந்த லென்சில் அது வரும். கண்ணாடியைத் தின்று விடும். கொஞ்சம் தூசி இருந்தால் பாதகம் இல்லை. பூஞ்சை இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பிறகு காமிராவில் மாட்டி, 1.8-ல் வைத்து, கடைக்காரரின் கண்ணையே ஒரு படம் எடுங்கள். தானாகப் போகஸ் ஆகும்போது கரகரவென்று இழுத்தால் யோசியுங்கள்.

காசில்லாத பரீட்சை

வாங்குவதற்கு முன்னால் ஒரு பரீட்சை இருக்கிறது. அதற்கு ஒரு முழம் நூல் போதும்.

காமிராவோடு வந்த 18-55 லென்சின் வளையத்தில் 18, 24, 35, 55 என்று கோடுகள் இருக்கும். 35-ல் வைத்து, வளையம் திரும்பாதபடி நூலால் கட்டி விடுங்கள். ஒரு வாரம் அதை அவிழ்க்கக் கூடாது. கூடத்தில், சமையல் கட்டில், வாசலில் எடுங்கள். படம் ஆடினால் ஆடட்டும். பார்க்க வேண்டியது அகலத்தை மட்டும். அடுத்த வாரம் 50-ஐ ஒட்டிக் கட்டுங்கள். எந்த வாரம் சுவரில் முட்டிக் கொண்டீர்கள், எந்த வாரம் கிட்டே போகத் தவித்தீர்கள் என்று உங்களுக்கே தெரிந்து விடும்.

வளைகாப்பு முடிந்து அக்காள் பெரம்பலூர்ப் பக்கம் தாய் வீட்டுக்கு வந்து விட்டாள். பிரசவத்துக்கு இன்னும் ஆறு வாரம். பிறக்கும் பிள்ளையின் கண்ணில் பிளாஷ் அடிக்கக் கூடாது என்று அம்மா இப்போதே சொல்லி விட்டாள். தம்பியிடம் இருப்பது நிகான். நண்பர் சொன்ன 50-க்கு அவன் இன்னும் பணம் கட்டவில்லை.

முதலில் 50-ஐ ஒட்டிக் கட்டிப் பார்த்தான். கூடத்தில் பீரோவில் முதுகை ஒட்டி நின்றான். அக்காள், அம்மா, அப்பா வரை விழுந்தார்கள். நாற்காலியில் இருந்த அப்பாயியின் முழங்கால்தான் விழுந்தது. நூலை அவிழ்த்தான். 35-க்குத் திருப்பினான். மறுபடி பல்லால் நூலைக் கடித்து இறுக்கினான்.

வெற்றிலையை மென்றுகொண்டு பார்த்துக் கொண்டிருந்த அப்பாயி கேட்டாள்:

"என்ன தம்பி, காமிராவுக்குக் காப்பு கட்டுறியா?"